அந்தமான் தீவுகளில் சரளைப் பாதையும் நீர்ப்போக்கும்

பெருஞ்சாலையினின்று பிரிந்து வீட்டு வாசலுக்கோ, தென்னந்தோப்புக்கோ, பாக்குத் தோட்டத்துக்கோ செல்லும் சிறு வண்டிப் பாதை ஒன்றை நிர்மாணிக்க முற்படுகிறவர், எத்தனை லோடு ஜல்லி வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்ற கேள்விகளையே முதலில் கேட்பது வழக்கம். ஆனால், அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போல ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாத காலம் மழையில் நனைந்து கிடக்கும் ஒரு பிரதேசத்தில், இக்கேள்விகளுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு: இந்த இடத்தில் விழும் நீரும், மேலே உள்ள சரிவிலிருந்து இங்கே வந்து சேரும் நீரும் எவ்வழியாக எங்கே போகப் போகின்றன? இதற்கு விடை காணாமல் கொட்டிய கல், எவ்வளவு உயர்ந்த ரகமாயினும், இரண்டு மழைக்காலங்களுக்குள் பள்ளத்தாக்கிலோ கடலிலோ போய்ச் சேரும். விடை கண்ட பிறகு இட்ட கல், ரகத்தில் சற்றுத் தாழ்ந்ததாயினும் நெடுங்காலம் நிற்கும். தீவுகளின் மழை, மண், பாறை, சட்டம், சாலை சரித்திரம் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் இந்த உண்மை எவ்வாறு தெளிவாகிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலில் மழையின் கணக்கைப் பார்ப்போம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேயரின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சென்னையிலோ அது 1400 மில்லிமீட்டர் அளவுதான். மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டித் தென்மேற்குப் பருவக்காற்று இத்தீவுகளை அடைகிறது. அது ஓய்வதற்கும் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குவதற்கும் இடையில் நிலம் உலர்வதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களே உலர்ந்த காலம். 30 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சாதாரண வீட்டுப் பாதையின் பரப்பு 90 சதுர மீட்டர் என்று கொண்டால், அதன்மீது மட்டும் ஓராண்டில் விழும் நீர் 2,70,000 லிட்டர் ஆகிறது. இது வானத்திலிருந்து நேரே விழுவது மட்டுமே. தென் அந்தமானில் வீடுகள் பெரும்பாலும் குன்றுச் சரிவுகளில் அமைந்திருப்பதால், பாதைக்கு மேலே உள்ள சரிவிலிருந்தும், அங்குள்ள வீடுகளின் தகரக் கூரைகளிலிருந்தும் ஓடிவரும் நீர் இதைப்போல் பன்மடங்காக இருக்கக்கூடும்.

நீரின் அளவைக் காட்டிலும் அதன் வேகமே அதிக அபாயமானது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்காகும்போது, அது உருட்டிச் செல்லவல்ல கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது நீரியல் நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. மெல்லப் பரந்து வழியும் நீர் மணலைக்கூட அசைக்காமல் போய்விடும். அதே நீர் சக்கரத் தடம் ஒன்றில் திரண்டு சரிவில் இறங்கும்போது, முஷ்டியளவுள்ள கருங்கல்லையும் பெயர்த்துச் சென்றுவிடும். ஆகவே பாதை அமைப்பவருடைய முழு முயற்சியும், நீரைத் திரள விடாமல் பரப்புவதிலும், திரண்டே தீர வேண்டிய இடத்தில் அதன் வேகத்தைத் தணிப்பதிலும் அடங்கியிருக்கிறது. பின்னே விவரிக்கப்போகும் முறைகள் யாவும் இந்த இரண்டு காரியங்களின் பல்வேறு ரூபங்களேயன்றி வேறல்ல.

இனி, கல்லின் விஷயம். அந்தமான் நிலத்தின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் ஆழ்கடலில் படிந்து, பிற்பாடு மேலே உயர்த்தப்பட்ட மணற்கல்லும், ஷேல் எனப்படும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கடுக்காக அமைந்தது. இதைப் புவியியலார் அந்தமான் ஃபிளிஷ் என்பர். இடையிடையே கடற்தரையின் அடிப்பாறைகளான பசால்ட்டும் செர்பென்டினைட்டும் தலைகாட்டுகின்றன. ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் முதலிய கிழக்குத் தீவுகளிலோ சுண்ணாம்புச் சத்துள்ள இளம்பாறைகளே மிகுதி. வீட்டுப் பாதைக்குக் கல் வாங்குகிறவருக்கு இந்தப் பாகுபாடு வெறும் ஏட்டறிவு அன்று. மணற்கல் அடுக்கோடு சேர்த்துக் களிப்பாறையையும் உடைத்துக் கலந்த ஜல்லி, லாரியிலிருந்து இறங்கும்போது கெட்டியாகவும் கூர்மையாகவுமே தோன்றும். ஆனால் களிப்பாறைக்கு, நனைந்து உலர்ந்து, நனைந்து உலர்ந்து, கடைசியில் இதழிதழாகப் பிரிந்து சேறாகிவிடும் சுபாவம் உண்டு. இரண்டாவது மழைக்காலத்தில் பாதை முழுவதும் வழுக்கும் சேறாகி நிற்பதைக் கண்டு, கல் எங்கே போயிற்று என்று மலைக்கிறவர்கள், அந்தக் கல்லே சேறாகிவிட்டது என்பதை அறிவதில்லை. இதைத் தவிர்க்க எளிய பரீட்சை ஒன்று உண்டு. ஒரு வாளி ஜல்லியை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, பகலில் வெயிலில் உலர்த்தி, இவ்வாறு சில நாள் திரும்பத் திரும்பச் செய்தால், களிப்பாறை தானாகவே உதிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பசால்ட்டும் நல்ல மணற்கல்லும் மாறாமல் இருக்கும்.

உருண்டைக் கல்லா, உடைத்த கல்லா என்ற விவாதமும் அடிக்கடி எழுவதுண்டு. ஓடையிலும் கடற்கரையிலும் கிடைக்கும் கூழாங்கற்கள் பார்வைக்கு அழகியவை. ஆனால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முனைகள் இல்லாதபடியால், சக்கரத்தின் கீழ் அவை ஓயாமல் புரண்டு விலகும். உடைத்த கல்லின் முனைகளோ ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அதுவும் ஒரே அளவுள்ள கல்லாக இருத்தல் தகாது. பெரிய கல்லின் இடைவெளியைச் சிறிய கல்லும், அதன் இடைவெளியைக் கல்தூளும், அதனையும் பிணைக்கச் சிறிதளவு பசைமண்ணும் நிரப்ப வேண்டும். மேற்பரப்பில் பசைமண் அறவே இல்லாவிடில் கல் சிதறும். அது மிஞ்சினால் மழையில் சேறாகும். தமிழ்நாட்டின் வறண்ட ஜில்லாக்களில் கிராவல் மண் என்று வழங்கும் செம்மண் கலந்த சரளை நன்றாக உழைப்பதைக் கண்டவர்கள், அதே விகிதத்தில் இங்கும் மண் சேர்க்க விரும்புகிறார்கள். அந்தமான் மழைக்கு அவ்வளவு மண் ஆகாது என்பதே எனது அபிப்பிராயம்.

கடலிலிருந்து எடுக்கும் பொருள்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடற்கரை மணலையும், இறந்த பவளப்பாறைத் துண்டுகளையும் கட்டடத்துக்கும் பாதைக்கும் எடுத்துக்கொள்வது கடற்கரைவாசிகளிடம் நெடுங்காலம் நிலவிய பழக்கம். அதன் விளைவு என்ன என்பதற்கு நமது தூத்துக்குடிக் கடலே சாட்சி: மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள், சுற்றிலும் இருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் காரணமாகக் கடலுள் மறைந்தன. அந்தமானில் சேகர் சிங் ஆணையம் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று பிறப்பித்த உத்தரவில், காடுகளைப் பற்றிய கட்டளைகளோடு, கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. பாறை கட்டும் பவளங்களோ 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுவிட்டன. ரங்கத்துக்கு அருகில் உள்ள கத்பர்ட் விரிகுடாவிலும், திக்லிப்பூரை அடுத்த காலிப்பூரிலும் ஆமைகள் கரையேறி முட்டையிடும் மணல் இதே மணல்தான் என்பதை நினைவில் வைத்தால், சட்டத்தின் கண்டிப்பு நியாயமானது என்பது புலப்படும். ஆகையால் பாதைக்குரிய பொருள் குன்றுகளில் உள்ள கல்குவாரியிலிருந்தே வர வேண்டும். குவாரியும் காட்டையும் குன்றையும் தின்றே வளர்கிறது. இந்நிலையில், நீர்ப்போக்கைக் கவனியாமல் ஆண்டுதோறும் புதிய கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பது, செலவு என்ற அளவில் மட்டுமன்றித் தீவுக்குச் செய்யும் அநீதி என்ற அளவிலும் கண்டிக்கத்தக்கது. பாதையிலிருந்து கரைந்தோடும் சேறு ஓடை வழியாகக் கடலை அடைந்து, பவளத்தின்மீது படிந்து, அதன் சூரிய ஒளியை மறைத்து மூச்சை அடைக்கிறது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். வண்டூரில் 1983-ல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவைப் பார்த்து வியக்கிறவர்கள், கரையில் உள்ள ஒவ்வொரு பாதையும் அந்தப் பூங்காவின் நலத்தோடு சம்பந்தப்பட்டது என்பதை உணர்வது நன்று.

சரித்திரத்தை நோக்கினால், நீருக்கும் பாதைக்கும் உள்ள இந்த உறவை மேனாட்டார் தெளிவாக உணர்ந்து இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. பிரெஞ்சு தேசத்தில் திரெசாகே என்பவரும், பிரிட்டனில் டெல்ஃபோர்டும், பெரிய கற்களைக் கையால் அடுக்கி அடித்தளம் இட்டு, அதன்மேல் சிறு கல்லைப் பரப்பும் முறையைக் கையாண்டனர். 1816-ல் பிரிஸ்டல் சாலைகளின் மேற்பார்வையாளரான மக்காடம் இதை மறுத்தார். பாரத்தைச் சுமப்பது கல் அன்று, அடியில் உள்ள இயற்கை மண்ணே; அந்த மண் உலர்ந்திருக்கும் வரையில் எந்தப் பாரத்தையும் தாங்கும்; ஆகவே கல்லடுக்கின் வேலை, மண்ணின்மீது நீர் இறங்காமல் காக்கும் கூரையாக இருப்பதே என்பது அவருடைய சித்தாந்தம். ஆறு அவுன்ஸ் எடைக்கு மேற்பட்ட கல் ஒன்றுகூடச் சாலையில் இடம்பெறலாகாது என்று அவர் வற்புறுத்தினார். இந்தக் கொள்கையில் ஒரு பகுதி அந்தமானுக்கு அப்படியே பொருந்துகிறது; மற்றொரு பகுதியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மண்ணை உலர்ந்த நிலையில் காக்க வேண்டும் என்பது எங்கும் மெய். ஆனால் மேலிருந்து வரும் நீரைத் தடுப்பது மட்டும் இங்கே போதாது. குன்றின் உள்ளிருந்து ஊற்றாகக் கசிந்து, வெட்டிய சரிவின் அடியில் வெளிப்படும் நீரையும் வழிமறித்தாக வேண்டும்.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேயரில் இறங்கிய நாள் முதலாக, காட்டைத் திருத்தியதும், சதுப்பைத் தூர்த்ததும், கல் உடைத்துப் பாதை போட்டதும் கைதிகளின் கைகளே. விலங்கிட்ட மனிதர்கள் மழையில் நின்று வெட்டிய அந்தப் பாதைகளின் வரிசையிலேயே இன்றைய நகரத்தின் பல தெருக்கள் செல்கின்றன என்பதை அங்கே நடக்கிறவர்கள் அறிந்திருப்பது தகும். சுதந்திரத்துக்குப் பின்னர், 1970களில் தொடங்கி, ஜிர்காடாங், பாராடாங், கடம்தலா, ரங்கத், மாயாபந்தர் வழியாகத் திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருஞ்சாலை உருவாயிற்று. ஜாரவா மக்களின் வனத்தை ஊடறுத்துச் சென்றதால் அச்சாலையைப் பற்றி எழுந்த வழக்கும் வேதனையும் தனியாக ஆராயத்தக்கவை. நமது விஷயத்துக்கு அது கற்பிப்பது ஒன்றே. மழைக்காட்டின் களிமண்மீது, போதிய வடிகால் இன்றி இடப்படும் எந்தச் சாலையும், தாரிட்டதாயினும், ஓரத்திலிருந்து கரைந்து நடுவை நோக்கி அழிகிறது.

இந்திய அளவில், ஜெயகர் குழு 1927-ல் நியமனமாகி, அதன் பயனாக 1934-ல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தோன்றியது. அந்த ஸ்தாபனம் சரளைச் சாலைகளுக்கென்றே 2008-ல் தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. தாரும் சிமெண்டுமே முன்னேற்றத்தின் அடையாளங்கள் என்று கருதப்படும் காலத்தில், சரளைக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்று அது அங்கீகரித்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

தமிழர்களுடைய அனுபவம் ஒன்றும் இத்தீவுகளில் உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் விட்டுவந்த தேயிலை மலைகளில் கான் எனப்படும் வடிகாலை வெட்டுதல் என்பது தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழில். மலைச் சரிவுக்குக் குறுக்கே, மிக மெல்லிய சாய்வோடு ஒரு கான். அதில் இடையிடையே மண் தங்குவதற்குக் குழி. குழி நிரம்பிய பின்னரே நீர் அடுத்த பகுதிக்கு வழிய வேண்டும். இப்படி வேகம் தணிந்து வந்த நீரைக் கடைசியில் கல் பாவிய பெரிய கானில் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். பொறியியல் நூல்கள் இன்று சித்திரம் வரைந்து விளக்கும் இந்த ஏற்பாட்டை, எழுத்தறிவு மறுக்கப்பட்ட அந்த மக்கள் மண்வெட்டி முனையில் அறிந்திருந்தார்கள். தீவுகளில் வீட்டுப் பாதை அமைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிர்மாண முறையை இனிப் பார்க்கலாம். முதல் வேலை, மழை பெய்யும்போதே நிலத்தை நடந்து பார்ப்பது. எந்த அளவுக் கருவியும் காட்டாததை ஒரு மணி நேர மழை காட்டிவிடும். பாதைக்கு மேற்புறச் சரிவில், வெட்டுக்குச் சற்று விலகி, குறுக்காக ஒரு தடுப்புக் கான் வெட்டி, மேலிருந்து வரும் நீரைப் பாதையை அடையுமுன்பே பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். அதன் பின்னரே பாதையின் தளத்தில் உள்ள புல், வேர், இலைமட்கு, கருமண் எல்லாவற்றையும் அகற்றி, கெட்டி மண்ணைக் காண வேண்டும். அந்த மண்ணையே பாதையின் இறுதி வடிவத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும் என்பது பலரும் மறந்துவிடும் முக்கியமான விஷயம். அடிமண் தட்டையாகவோ குழிந்தோ இருக்க, மேலே கல்லை மட்டும் மேடாகக் குவித்தால், கல்லின் ஊடே இறங்கிய நீர் அடியில் குளமாகத் தேங்கிவிடும். மழை மிகுந்த பிரதேசத்தில் சரளைப் பாதைக்கு நூற்றுக்கு 4 பங்கு குறுக்குச் சரிவு வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. 3 மீட்டர் அகலப் பாதையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருத்தல் வேண்டும்; ஒரே பக்கமாகச் சரிப்பதாயின் ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம் வேண்டும்.

குன்றுச் சரிவில் செல்லும் பாதையை உட்புறமாகச் சரிப்பதா, வெளிப்புறமாகச் சரிப்பதா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. வெளிப்புறம் சரித்தால் நீர் திரளாமல் அகலமாகப் பரந்து பள்ளத்தில் வழிந்துவிடும். கானும் மதகும் வேண்டியதில்லை. ஆனால் பள்ளப்புறம் கொட்டிய மண்ணால் ஆனதாயின் அது இடிந்துபோகும். ஈரத்தில் வண்டியும் அப்பக்கம் வழுக்கும். உட்புறம் சரித்தால் வண்டிக்குப் பத்திரம். ஆனால் மலையோரத்தில் கான் வேண்டும், அந்தக் கானின் நீரைப் பாதையின் அடியாக மறுபுறம் கடத்தக் குழாய் மதகு வேண்டும், இரண்டும் அடைபடாமல் காக்க ஆள் வேண்டும். சரிவு மிதமாயும் நிலம் உறுதியாயும் உள்ள இடத்தில் வெளிச்சரிவையும், செங்குத்தான இடத்தில் உட்சரிவையும் கொள்வதே விவேகம்.

குழாயின் விட்டத்தில் சிக்கனம் பார்ப்பது பெரும் தவறு. பாக்கு மட்டையும், தென்னை ஓலையும், படாக் மரத்துச் சருகும் ஒருங்கே மிதந்துவரும் இந்நாட்டில், ஓர் அடிக்குக் குறைந்த விட்டமுள்ள குழாய் முதல் பெருமழையிலேயே அடைபட்டு, நீர் பாதையின் மேலேறி அதை அறுத்துவிடும். ஒன்றரை அடி விட்டமுள்ள ஹியூம் குழாயே மேலானது. குழாயின் மேல் ஓர் அடி மண்ணாவது கெட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். நீர் வெளிவரும் வாயில் பெரிய கற்களைப் பாவி, விழும் வேகத்தை உடைக்க வேண்டும். அங்கிருந்து நீர் அண்டை வீட்டாரின் அஸ்திவாரத்துக்குப் போகாமல் இயற்கை ஓடைக்குப் போகிறதா என்று பார்ப்பது பொறியியலின் ஒரு பகுதி மட்டுமன்று, ஊரோடு வாழ்வதன் ஒரு பகுதியும் ஆகும். கானின் சரிவு செங்குத்தாக இருந்தால், இடையிடையே கல்லை அடுக்கிச் சிறு தடுப்புகள் இட வேண்டும். கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அவற்றின் தூரத்தை நிர்ணயித்தால், நீர் படிப்படியாக இறங்கும். கானின் கரைகளிலும் வெட்டுச் சரிவிலும் வெட்டிவேர் நட்டால், அதன் வேர் ஆழமாக நேர்கீழே இறங்கி மண்ணைப் பிணைக்கும்.

குன்றின் உள்ளிருந்து கசியும் ஊற்று நீருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 1859-ல் ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கர் வயல் வடிகாலைப் பற்றி எழுதிய நூலினால் பிரசித்தமடைந்த முறை அது: மலையோரக் கானுக்கு அடியில் ஆழமான குழி தோண்டி, துளையுள்ள குழாயை வைத்து, சுற்றிலும் கழுவிய ஜல்லியை நிரப்பி, மண் புகாதபடி துணியால் மூடுவது. தளத்து மண் இளகிய களிமண்ணாக இருந்தால், கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிப்பதும் அவசியம். இல்லாவிடில் கல் சேற்றில் அமிழ்ந்து, சேறு கல்லினூடே மேலேறி, இரண்டும் ஒன்றாகிவிடும். தென்னை நாரில் நெய்த கயிற்றுப் பாயை இதற்குப் பயன்படுத்தலாமா என்பது தீவுவாசிகளுக்கு மிகவும் உகந்த கேள்வி. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார்ப் பாயைப் பயன்படுத்த 2020-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது, தமிழ்நாட்டுக்கு மட்டும் 369 கிலோமீட்டர் சாலை குறிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மக்கிவிடும் என்பது அதன் குறை. அதற்குள் அடிமண் இறுகி நிலைபெறக்கூடிய இடங்களிலும், புல் வேரூன்றும் வரை சரிவைக் காக்க வேண்டிய இடங்களிலும் அது ஒரு குறையன்று. தென்னையே முக்கிய விளைபொருளான தீவுகளில், கப்பலில் வரும் பிளாஸ்டிக் துணிக்கு முன்னுரிமை தருவதற்குக் காரணம் இல்லை.

இதன்மேல் கல்லை ஒரே தடவையில் கொட்டாமல், 7 முதல் 10 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்க வேண்டும். அடியில் 45 முதல் 63 மில்லிமீட்டர் கல், மேலே 20 மில்லிமீட்டரும் அதற்குச் சிறியதும் கல்தூளோடு. உருளையை ஓரங்களில் தொடங்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் தொடங்கினால் கல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வடிவம் கெடும். எந்த மாதத்தில் இந்த வேலையைச் செய்வது என்பதைப் பற்றி நூல்கள் அதிகமாகப் பேசுவதில்லை; தீவுகளில் அதுவே பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. மண் ஒரு குறிப்பிட்ட அளவு ஈரத்தில்தான் உச்ச அளவுக்கு இறுகும் என்பதை 1933-ல் பிராக்டர் என்ற பொறியாளர் நிறுவினார். மழைக்காலத்தில் ஈரம் மிஞ்சியிருக்கிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மண் காய்ந்து தூளாகிறது. அப்போது போர்ட் பிளேயரில் குடிநீருக்கே தட்டுப்பாடு ஏற்படுவதால், பாதையில் தெளிக்க நீர் கேட்பது தகாது. மழை ஓய்ந்தும் நிலம் ஈரம் காத்திருக்கும் மார்கழிக் கடைசியும் தை மாதமும் இந்த வேலைக்கு ஏற்ற காலம். சித்திரையில் அவசர அவசரமாக ஜே.சி.பி. வைத்து வெட்டி, உலர்ந்த தூளை உருட்டி முடித்த பாதை, வைகாசி மழையில் கரைவதில் வியப்பில்லை.

கான்கிரீட் போட்டுவிட்டால் இத்தனை சங்கடமும் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்பட்ட ஏற்றத்தில் சரளை நிலைப்பது அரிது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அங்கே சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளை மட்டும் கான்கிரீட்டில் இட்டு, நடுவில் புல்லோ கல்லோ விடுவது நல்ல சமரசம். ஆனால் பாதை முழுவதையும் கான்கிரீட்டால் மூடுவதைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. சிமெண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வர வேண்டும். மணலுக்கு முன்னே சொன்ன இடையூறுகள் உண்டு. விழுந்த நீரில் ஒரு துளியும் மண்ணில் இறங்காமல், முழு வேகத்தோடு கீழே உள்ளவர்களின் நிலத்தைச் சென்று தாக்கும். அடியில் நீர் அரித்துவிட்டால், கான்கிரீட் மேலே ஒழுங்காகத் தோன்றிக்கொண்டே உள்ளே வெற்றிடமாகி, ஒருநாள் பிளந்துவிடும். அதைப் பழுதுபார்ப்பது புதிதாகக் கட்டுவதற்குச் சமம். சரளைப் பாதையோ தன் குறையை அன்றன்றே காட்டும். ஒரு மண்வெட்டியும் ஒரு கூடைக் கல்லும் அதைத் திருத்தும்.

பழுதுபார்த்தலில் நேரும் தவறுகளில் தலையாயது, பள்ளத்தைக் கண்டவுடன் அதில் கல்லைக் கொட்டி மூடுவது. அந்தப் பள்ளம் அங்கே தோன்றியதற்கு நீர் தேங்கியதே காரணம். அது ஏன் தேங்கியது என்று பாராமல் நிரப்பினால், அதே இடத்தில் சற்றே அகன்று மறுபடியும் தோன்றும். குறுக்குச் சரிவு தேய்ந்துவிட்டதா, ஓரத்தில் புல்லும் மண்ணும் வரப்பாக உயர்ந்து நீரைத் தடுக்கின்றனவா, கான் தூர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஓர வரப்பைச் சீவிவிட்டாலே நீர் ஓடிவிடும். பிறகு பள்ளத்தின் ஓரங்களை நேர்குத்தாக வெட்டி, அடிச் சேற்றை முற்றிலும் எடுத்து, கெட்டி மண் வரை சென்று, கலப்புக் கல்லை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். நீளவாக்கில் நீர் அறுத்த தடம் இருந்தால், பாதைக்குக் குறுக்கே சாய்வாகத் தாழ்ந்த மேடுகளை அமைத்து நீரை இடையிடையே வெளியேற்றுவது பரிகாரம். நூற்றுக்கு 10 பங்கு சரிவுள்ள பாதையில் இவை 20, 25 மீட்டருக்கு ஒன்றாக இருக்கலாம். தோட்டப் பாதைகளில் அலையலையாக எழும் வரிமேடுகளுக்குக் காரணம் வண்டியின் வேகமே என்பதைத் தாபெர்லே, மாரிஸ், மக்கெல்வெய்ன் ஆகிய மூவர் 2007-ல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது. அவற்றின் பள்ளங்களை நிரப்புவது வீண், அடிமட்டம் வரை கிளறிக் கலந்து மறுபடி இறுக்குவதே வழி.

பராமரிப்பின் காலமும் முறையும் நம் முன்னோர் அறியாதவை அல்ல. மழைக்கு முன்னரே ஊரார் ஒன்றுகூடிக் கண்மாயின் வரத்துக் கால்களைத் தூர்வாரிய குடிமராமத்து, ஒரு சரிவில் மேலும் கீழுமாக வாழும் பத்துக் குடும்பங்களின் பாதைகளுக்கும் அவ்வாறே பொருந்தும். ஏனெனில் மேல்வீட்டுக் கான் அடைபட்டால் அழிவது கீழ்வீட்டுப் பாதையே. சித்திரையில் ஒருமுறையும், இரு பருவங்களுக்கும் இடையே ஐப்பசியில் ஒருமுறையும் கான்களையும் மதகுகளையும் சுத்தம் செய்வது குறைந்தபட்சக் கடமை. இது ஆரோக்கியத்தோடும் சம்பந்தப்பட்டது. அந்தமானின் மலேரியாவைக் குறித்து கிறிஸ்டோஃபர்ஸ் என்ற மருத்துவ அறிஞர் 1912-ல் எழுதிய ஆய்வு, உவர்நீர்ச் சதுப்பில் வளரும் கொசுவைச் சுட்டிக்காட்டியது. தேங்கிய வீட்டுக் கான் இன்று டெங்குவுக்கும் இடம் தருகிறது. ஓடாத வடிகால் வடிகாலே அல்ல.

கடைசியாக, தாழ்நிலங்களுக்கே உரிய ஒரு பிரச்சினை. 2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த பூகம்பத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் சில கரைகள் உயர்ந்தன. நிக்கோபாரின் இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. சிப்பிகாட்டில் வயல்களும் வீட்டு நிலங்களும் நிரந்தரமாக உப்புநீரில் ஆழ்ந்ததைப் பெருஞ்சாலையில் செல்கிறவர்கள் இன்றும் காணலாம். முன்பு ஓடையில் தாராளமாக விழுந்துகொண்டிருந்த வடிகால்களின் வாய்கள் இப்போது ஏற்றநீரின் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், மழையும் ஏற்றமும் ஒன்றாகச் சேரும் நாளில் நீர் வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே வருகிறது. இத்தகைய இடங்களில், பாதையின் தளத்தை உயர்ந்த ஏற்றநீர் மட்டத்துக்கு மேலே தூக்குவதும், மதகின் கடல்புற வாயில் ஏற்றத்தின்போது தானே மூடி இறக்கத்தின்போது தானே திறக்கும் கதவு பொருத்துவதும், மூடியிருக்கும் அந்தச் சில மணி நேரத்து மழையைத் தாங்கும்படி உட்புறக் கானை அகலப்படுத்துவதும் ஒருங்கே செய்ய வேண்டியவை. அவற்றுள் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் பயன்படா. நிலமட்டத்தை 2004-க்கு முந்திய வரைபடங்களில் பார்த்து வேலை தொடங்காமல், அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றநீர் எதுவரை வருகிறது என்று கம்பம் நட்டுக் குறித்துக்கொண்டு, அந்தக் குறியிலிருந்தே எல்லா உயரங்களையும் கணக்கிட வேண்டும்.